ஒன்று பிடிக்கும் இடம்

பைத்தான் மொழியில் 1 என்ற எண் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கேட்டால் 28 பைட்டு என்று பதில் வரும். கேட்பதற்கென்றே அந்த மொழியில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, கெட்சைஸ்ஆஃப் என்று பெயர். 2008இல் வந்த 2.6ஆம் பதிப்பிலிருந்து உண்டு. 1 என்று எழுதிவைக்க ஒரேயொரு பிட் போதும். 28 பைட்டில் 224 பிட். மற்ற 223க்கும் அங்கே என்ன வேலை?

பிரித்துப் பார்த்துவிடலாம். முதல் 8 பைட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இந்த எண்ணை இப்போது எத்தனை இடத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. அது பூஜ்யத்தைத் தொட்டால் பொருளின் ஆயுள் முடிந்தது, இடத்தைக் காலி செய்துவிடலாம். அடுத்த 8 பைட்டு ஒரு முகவரி. 'நான் முழு எண் வகையறா, என்னை என்னவெல்லாம் செய்யலாம் என்ற விவரம் அங்கே இருக்கிறது' என்று கைகாட்டுகிறது. அதற்கடுத்த 8 பைட்டில் எண் எத்தனை துண்டாக இருக்கிறது, கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது. கடைசி 4 பைட்டில்தான் நம்முடைய 1 குடியிருக்கிறது. ஒரு துண்டுக்கு 30 பிட் என்பது ஏற்பாடு. ஆகவே 1,07,37,41,823 வரைக்கும் இதே 28 பைட்டுதான். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் இன்னொரு துண்டு வேண்டும், 32 ஆகிவிடும்.

சி மொழியில் பழகியவர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே முழு எண்ணுக்குப் பெரும்பாலும் 4 பைட்டு, தீர்ந்தது விஷயம். ஆனால் அந்த 4 பைட்டுக்குத் தான் யார் என்று தெரியாது. அது எண்ணா, ஒரு நிறமா, ஒரு சொல்லின் பாதியா என்பது நிரலை மொழிமாற்றிய கம்பைலருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதுவும் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. பைத்தானில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பொருளை நிறுத்தி விசாரித்தாலும் அது தன் வகையைச் சொல்லும், தன்னைப் பிடித்திருப்பவர்கள் எத்தனை என்று சொல்லும், யாரும் பிடிக்காவிட்டால் தானே விலகிக்கொள்ளும். அந்த 24 பைட்டு இதற்குக் கொடுக்கும் விலை. ஊதாரித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலை கொடுத்தது தெரியாமல் வாங்கிக்கொண்டிருப்பதுதான் சங்கடம்.

28 என்பதும் முடிவான கணக்கு அல்ல. சின்னப் பொருள்களுக்கு இடம் பிரித்துக்கொடுக்கும் பைத்தானின் உள் ஏற்பாடு, 64 பிட் கணினிகளில் இன்று 16இன் மடங்காகத்தான் கொடுக்கும். 28 கேட்டவருக்கு 32 கிடைக்கிறது. மீதி 4 பைட்டை யாரும் தொடுவதில்லை. கெட்சைஸ்ஆஃபும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு நேர் எதிராக இன்னொன்று. -5 முதல் 256 வரையுள்ள எண்களைப் பைத்தான் பல ஆண்டுகளாகவே எழுந்ததும் முதல் காரியமாக உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. நிரலில் எங்கே 1 வந்தாலும் அதே ஒரு 1தான். நாம் புதிதாக ஓர் 1 எழுதினால் அதற்கு ஆகும் கூடுதல் செலவு அதைச் சுட்டும் 8 பைட்டு முகவரி மட்டும், எண்ணுக்கென்று புதிதாக ஆவது பூஜ்யம். 1 என்ற எண் பிடிக்கும் இடம் 28, 32, 8, பூஜ்யம் என்று நான்கு பதில் கிடைத்துவிட்டது. நான்குமே சரி.

இதைப் பெரிய அளவில் பார்த்தால் வேடிக்கை கூடும். பத்து லட்சம் 1களை அடுக்கிய ஒரு லிஸ்ட். பத்து லட்சம் வெவ்வேறு எண்களை அடுக்கிய இன்னொரு லிஸ்ட். இரண்டையும் கெட்சைஸ்ஆஃபிடம் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்: 80,00,056 பைட்டு. லிஸ்ட் என்பது முகவரிகளின் வரிசை. முகவரி ஒன்றுக்கு 8 பைட்டு, தலைப்புக்கு 56. முகவரியில் யார் குடியிருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. முதல் லிஸ்டின் பத்து லட்சம் முகவரியும் ஒரே வீட்டுக்கு. இரண்டாவதில் வீட்டுக்கு வீடு 32 பைட்டு, மொத்தம் மூன்று கோடிக்கு மேல். உண்மைச் செலவில் ஐந்து மடங்கு வித்தியாசம், அளவுகோலில் இம்மியும் இல்லை. பைத்தானின் கையேடு இதை ஒளிக்கவில்லை. இந்தப் பொருளுக்கு நேரடியாக உரிய இடம் மட்டுமே சொல்லப்படும், இது சுட்டும் மற்றப் பொருள்களின் இடம் சேராது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. படிக்காமல் போனவர்கள்தான் ஒரு கோடிப் பொருளை அடைத்த லிஸ்டை இன்னொரு லிஸ்டுக்குள் ஒற்றைப் பொருளாக வைத்து அளந்துவிட்டு, 64 பைட்டுதானா என்று வாயைப் பிளக்கிறார்கள்.

வெறும் லிஸ்டுக்கே தலைப்பு 56 பைட்டு என்றேனா, அதிலும் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. லிஸ்டையே நேராகக் கேட்டால் 40 என்று சொல்கிறது. ஒவ்வொரு பொருளும் தன் அளவைத் தானே சொல்லிக்கொள்ள அதற்குள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த 40ஓடு கெட்சைஸ்ஆஃப் தன் பங்குக்கு 16ஐச் சேர்க்கிறது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக் கிடக்கும் அநாதைப் பொருள்களைத் தேடிப் பிடிக்கும் குப்பை அள்ளும் ஏற்பாட்டுக்காக, லிஸ்ட் போன்றவற்றின் தலைக்கு முன்னால் ஒட்டவைத்திருக்கும் பட்டை அது. முழு எண்ணுக்கு அந்தப் பட்டை கிடையாது. எண் யாரையும் பிடிப்பதில்லை, ஆகவே வட்டத்தில் மாட்டவும் வழியில்லை. நாமே எழுதும் வகுப்புகளில் அந்தச் சுய அறிக்கையை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம். நான் 7 பைட்டுதான் என்று ஒரு பொருளைச் சொல்லவைக்க இரண்டு வரி போதும். மொழி அதை நம்பிவிடும்.

காலி லிஸ்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே அளந்து பார்ப்பது இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும் ஒருமுறையாவது செய்யவேண்டிய வேலை. காலியாக 56. ஒன்று சேர்த்ததும் 88. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சேர்த்தாலும் 88தான். ஐந்தாவதில் 120, ஒன்பதாவதில் 184. ஒருவர் வந்தவுடனே நால்வருக்கு இலை போட்டுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இடம் தேடி, பழையதை எடுத்துப் புதிய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்பதால் இந்த முன்யோசனை. விளைவு, உள்ளே இருப்பவை ஒன்றாகவே இருக்கிற இரண்டு லிஸ்டுகள், உண்டான விதம் வேறு என்பதால் வேறு வேறு அளவில் இருக்கலாம். அளவில் பொருளின் வரலாறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சி மொழியின் சைஸ்ஆஃபும் ஒன்றும் பரிசுத்தம் இல்லை. ஓர் எழுத்து, ஒரு முழு எண், மறுபடி ஓர் எழுத்து என்று வரிசையாக ஒரு கட்டமைப்பை எழுதினால் உள்ளடக்கம் 6 பைட்டு, சைஸ்ஆஃப் சொல்வது 12. எண் 4இன் மடங்கான முகவரியில்தான் உட்காரும் என்பதால் முன்னும் பின்னும் காலியிடம் விடுகிறார்கள். எண்ணை முதலில் போட்டு எழுத்துகளைப் பின்னால் தள்ளினால் 8 ஆகிவிடும். ஜாவாக்காரர்கள் சைஸ்ஆஃப் என்ற சமாச்சாரமே வேண்டாம் என்று மொழியைத் தொடங்கினார்கள். 2004இல் ஐந்தாம் பதிப்பில் ஒரு வழி திறந்தபோதுகூட, வருவது தோராயம்தான் என்று கையேட்டிலேயே எச்சரித்துவிட்டார்கள். ரூபி மொழியின் கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், இந்த எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள் என்கிறது. இந்தத் தயக்கங்களை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கு, அதாவது தமிழ்ச் சொற்களைப் போட்டு வேலை வாங்குகிறவர்களுக்கு, இந்த அளவுகளில் ஒரு தனிச் சுவாரசியம் உண்டு. பைத்தான் 3.12இல் ஆங்கில எழுத்தில் நான்கெழுத்தாக எழுதிய அம்மா 45 பைட்டு. தமிழில் எழுதிய அம்மா 68. தமிழ்ச் சொல் கணினிக்கு ஐந்து குறி: அ, ம, புள்ளி, ம, கால். குறி ஒன்றுக்கு 2 பைட்டு வீதம் 10. முடிவுக் குறிக்கு 2. மிச்சம் 56ம் தலைப்பு. ஆங்கிலத்துக்குத் தலைப்பு 40தான். தமிழுக்கு 16 அதிகம். எழுத்துகளால் வந்த வித்தியாசம் 6 பைட்டு என்றால் தலைப்பால் வந்தது அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இந்த ஏற்பாடு 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பில் புகுந்தது. மார்ட்டின் வான் லூவிஸ் எழுதிய பெப் 393 என்ற முன்மொழிவு. அதற்கு முன்னால் எல்லா எழுத்துக்கும் 2 பைட்டு அல்லது எல்லா எழுத்துக்கும் 4 பைட்டு என்று பைத்தானைக் கம்பைல் செய்யும்போதே முடிவு செய்துவிடுவார்கள். 3.3 முதல் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாக முடிவு செய்துகொள்கிறது. உள்ளே இருக்கும் எழுத்துகளில் எது பட்டியலில் மிக உயரத்தில் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி எல்லோருக்கும் 1, எல்லோருக்கும் 2 அல்லது எல்லோருக்கும் 4. தமிழ் 2இல் அடங்கும். பத்து லட்சம் குறிகள் கொண்ட ஒரு தமிழ் நாவலை ஒரே ஸ்ட்ரிங்காக ஏற்றினால் 20 லட்சம் பைட்டு. அதன் கடைசியில் யாரோ ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றை, அந்த மஞ்சள் வட்டத்தை, ஒட்டிவிட்டால் 40 லட்சம். ஒற்றை எமோஜிக்காக நாவலின் ஒவ்வொரு எழுத்தும் இரட்டை இருக்கையில் உட்காரவேண்டியிருக்கிறது. ஆங்கில நாவல் என்றால் அடி இன்னும் பலம்: 10 லட்சம் 40 லட்சமாகும்.

தமிழ் குறிமுறை விவாதங்களில் இடக்கணக்கு ஒரு பெரிய ஆயுதமாக இருந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. 'கொ' என்று எழுத இரண்டு குறி, ஆக 6. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம், 'கொ'வுக்கு 2 பைட்டுதான். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வாதம் அசைக்க முடியாதது. ஆனால் ஓடும் நிரலுக்குள் ஒரு லட்சம் சின்னச் சொற்களை வைத்திருக்கும்போது நினைவகத்தைத் தின்பது எழுத்து இல்லை, சொல்லுக்குச் சொல் ஏறும் 56 பைட்டுத் தலைப்பு. எழுத்தை எப்படிச் சுருக்கினாலும் அது அசையாது. டேஸ்16க்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். இந்த நியாயம் எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கரைந்துபோகிறது.

அதே 68 பைட்டு அம்மா, எந்த எழுத்தும் மாறாமலே 84 ஆகவும் கூடும். சி மொழியில் எழுதிய ஏதாவதொரு துணை நிரல் வந்து, எனக்கு இதை யுடிஎஃப்-8 வடிவில் காட்டு என்று கேட்டால், பைத்தான் அந்த 15 பைட்டு வடிவத்தை உண்டாக்கி, முடிவுக் குறி ஒன்று சேர்த்து, அடுத்த முறை கேட்டால் இருக்கட்டும் என்று அந்த ஸ்ட்ரிங்கோடே முடிந்து வைத்துக்கொள்ளும்.

இதுவரைக்கும் ஒரு பொருளை மட்டும் தனியே நிறுத்திப் பேசினோம். நடைமுறையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்த வாடிக்கையாளர் விவரம் எவ்வளவு இடம், இந்த கேஷ் எவ்வளவு தின்கிறது என்றுதான் கேட்பார்கள். அதாவது பொருளையும் அது சுட்டுவதையும், அது சுட்டுவது சுட்டுவதையும் சேர்த்து. பைத்தான் கையேடே இதற்கு ரேமண்ட் ஹெட்டிங்கர் எழுதிய ஒரு சிறு நிரலைச் சுட்டிக்காட்டுகிறது. பிம்ப்ளர் என்று ஒரு நூலகமும் இருக்கிறது. இவை கயிறு பிடித்து இறங்கிப் போகின்றன. ஒரே பொருளை இரண்டுமுறை எண்ணிவிடாமல் இருக்கப் பார்த்த முகங்களைக் குறித்துக்கொள்கின்றன. எங்கே நிற்பது என்பதுதான் தகராறு. ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பைச் சுட்டுகிறது. வகுப்பு தன் ஃபங்ஷன்களைச் சுட்டுகிறது. ஃபங்ஷன் தான் பிறந்த மாட்யூலின் பெயர்ப்பட்டியலைச் சுட்டுகிறது. அந்தப் பட்டியலில் இறக்குமதி செய்த எல்லா மாட்யூலும் இருக்கும். விட்டால் ஒரு வாடிக்கையாளரை அளக்கப் போய் முழு நிரலையும் அளந்துவிட்டுத் திரும்புவோம். ஆகவே இப்படிப்பட்ட கருவிகள் வகுப்பு, மாட்யூல் போன்றவற்றைக் கண்டால் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று எழுதுகிறவர் முடிவு செய்கிறார். அந்த முடிவு கணக்கில் சேராது. அது ஒரு பொருள் எதுவரை அந்தப் பொருள் என்ற தீர்ப்பு. எண் அதற்கப்புறம்தான் வருகிறது.

நிற்கும் இடத்தைத் தீர்மானித்தாலும் பொதுச்சொத்து மிச்சமிருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒரே பெரிய லிஸ்டைச் சுட்டுகின்றன. லிஸ்ட் யார் கணக்கில்? நம் பத்திரப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. அண்ணன் தம்பி மூவர் நிலத்தைப் பிரித்துக்கொள்வார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. கிணற்றில் மூன்றில் ஒரு பாகப் பாத்தியம் என்று ஒவ்வொருவர் பத்திரத்திலும் எழுதுவார்கள். லினக்ஸ் செய்வது அப்பட்டமாக இதே பாகப்பிரிவினை. பல புராசஸ்கள் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தும்போது அதன் பக்கங்கள் நினைவகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். வழக்கமாக எல்லோரும் பார்க்கும் ஆர்எஸ்எஸ் என்ற எண், ஒவ்வொரு புராசஸின் கணக்கிலும் அந்தப் பிரதியை முழுசாக எழுதிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் இயந்திரத்தில் இருக்கும் நினைவகத்தைவிட அதிகமாகக்கூட வரும். பிஎஸ்எஸ் என்று இன்னொரு எண், பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனையால் வகுத்துப் பங்கை மட்டும் எழுதும். கூட்டினால் கணக்கு நேராகும். ஆனால் பக்கத்து புராசஸ் ஒன்று செத்தால், நான் ஒன்றும் செய்யாமலே என் பங்கு ஏறிவிடும். மூன்றில் ஒன்று இரண்டில் ஒன்றாகும்.

பொருள்களின் உலகத்தில் வகுத்தலைவிட நல்ல ஒரு வழி இருக்கிறது. இந்தப் பொருள் எதை வைத்திருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, இது போனால் இதோடு எதெல்லாம் போகும் என்று கேட்பது. ஜாவா உலகில் அதற்கு ரிடெய்ன்ட் சைஸ் என்று பெயர். எஸ்ஏபி நிறுவனத்தில் பிறந்து எக்லிப்ஸுக்குப் போன மெமரி அனலைசர் அதைக் காட்டும். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவியிலும் அதற்கு ஒரு பத்தி உண்டு, பக்கத்திலேயே தன் அளவு மட்டும் சொல்லும் இன்னொரு பத்தியும் இருக்கும். இதன் அடியில் இருப்பது டாமினேட்டர் என்ற கருத்து. நிரலின் வேரிலிருந்து ஒரு பொருளுக்குப் போகும் எல்லாப் பாதையும் இன்னொரு பொருளைத் தாண்டித்தான் போயாகவேண்டும் என்றால், தாண்டவேண்டிய அந்தப் பொருள் டாமினேட்டர். அது விழுந்தால் மற்றது அநாதை. 1959இல் ரீஸ் பிராசர் நிரலோட்ட வரைபடங்களுக்காக யோசித்த விஷயம். 1979இல் லெங்காவர், டார்ஜன் இருவரும் இதை வேகமாகக் கண்டுபிடிக்க ஒரு வழிமுறை எழுதினார்கள். கம்பைலர் எழுதுகிறவர்களுக்காகச் செய்த காரியம், குப்பையில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் உதவும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த வரையறைகளில் இதுதான் ஒழுங்கானது. ஆனாலும் அதன் விளைவு விசித்திரம். மேலே சொன்ன இரண்டு பொருள், ஒரு பெரிய லிஸ்ட் கதையில், எந்த ஒருவர் போனாலும் லிஸ்ட் போகாது, மற்றவர் பிடித்திருப்பார். ஆகவே இருவர் கணக்கிலும் லிஸ்ட் வராது. இருவரும் சில நூறு பைட்டு ஏழைகளாகத் தெரிவார்கள். லிஸ்ட் இருவருக்கும் பொதுவான மூதாதை யாரோ அவர் பெயரில் ஏறியிருக்கும், அந்த மூதாதை பெரும்பாலும் எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு மேலாளர் பொருளாக இருக்கும். நினைவகக் கசிவைத் தேடுகிறவர்கள் பட்டியலின் உச்சியில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அவரைத் திருத்தப் போய், அவர்மேல் குற்றமில்லை என்று திரும்பிவருவது அடிக்கடி நடக்கிற சங்கதி.

அளப்பதற்காகத் தொட்டாலே மாறிவிடும் என்ற தொல்லையும் பைத்தானில் உண்டு. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டால் பொதுவாக ஒன்று கூடுதலாகவே பதில் வரும். கேட்பதற்காக நீங்களும் பிடித்திருக்கிறீர்களே. 2014இல் 3.4ஆம் பதிப்பில் விக்டர் ஸ்டின்னர் சேர்த்த டிரேஸ்மாலாக் கருவி, எந்த வரி எவ்வளவு நினைவகம் கேட்டது என்று குறித்துவைக்கும். குறித்துவைக்க அதற்கும் நினைவகம் வேண்டும். அது எவ்வளவு என்று சொல்ல அந்தக் கருவிக்குள்ளேயே தனியாக ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இதன் பெரிய உருவத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தார்கள். அவர்களுடைய வலை சேவகன் ஒரு தாய் புராசஸிலிருந்து பல பிள்ளை புராசஸ்களைப் பிரிப்பது. பிரிந்த கணத்தில் எல்லோரும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்கிறார்கள். யாராவது ஒரு பக்கத்தில் எழுதினால்தான் அவருக்கென்று தனிப் பிரதி. நடந்தது என்னவென்றால் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே பகிர்வு மளமளவென்று சரிந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை, படிக்கத்தான் செய்தார்கள். பைத்தானில் ஒரு பொருளைப் படிக்க அதைப் பிடிக்கவேண்டும், பிடித்தால் தலைப்பில் உள்ள கணக்கு மாறும், கணக்கு மாறினால் பக்கத்தில் எழுதியதாக ஆகும். அந்தக் கணக்கின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். தோண்டியபோது முக்கியக் குற்றவாளி குப்பை அள்ளும் ஏற்பாடு என்று தெரிந்தது, மேலே சொன்ன அந்தப் பட்டையில் அது எழுதிக்கொண்டே போகிறது. 2017இல் அந்த ஏற்பாட்டையே அணைத்துவிட்டோம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு 3.7இல், இதுவரை இருக்கும் பொருள்களைத் தொடாதே என்று குப்பை அள்ளுபவரிடம் சொல்ல ஒரு வழி வந்தது. 2023இல் 3.12 இன்னும் ஒரு படி போனது: 1, உண்மை, பொய், ஒன்றுமில்லை போன்ற சில பொருள்களுக்குச் சாவே கிடையாது என்று அறிவித்து, அவற்றின் பிடிகணக்கை உறையவைத்துவிட்டார்கள். இப்போது 1இன் தலைப்பில் உள்ள முதல் 8 பைட்டு எதையும் எண்ணுவதில்லை. ஆனாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஜாவாவில் தலைப்பைச் சுருக்கவே பல ஆண்டு உழைத்து, 2025 செப்டம்பரில் வந்த 25ஆம் பதிப்பில் 12 பைட்டை 8 ஆக்க முறையான வழி கொடுத்துவிட்டார்கள். பொருளுக்கு 4 பைட்டு. கோடிக்கணக்கில் பொருள் இருக்கும் இடத்தில் அது சும்மா இல்லை.

கடைசியாக எல்லா வரையறையும் தோற்கும் ஓர் இடம். டெலீட் செய்துவிட்டேன், டாப் கட்டளையில் பார்த்தால் நினைவகம் குறையவே இல்லையே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்காத அலுவலகம் இல்லை. பைத்தான் சின்னப் பொருள்களுக்கான இடத்தை இயங்குதளத்திடமிருந்து மொத்தமாக வாங்குகிறது, 3.10 முதல் ஒரு மனைக்கு ஒரு மெகாபைட்டு. அரீனா என்பார்கள். அதைத் துண்டு போட்டு, துண்டைக் கட்டமாக்கிப் பொருள்களைக் குடிவைக்கிறது. பொருள் போனால் கட்டம் காலி, அடுத்தவருக்குத் தயார். ஆனால் அரீனாவை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்றால் அதில் ஒருவர்கூட இருக்கக்கூடாது. ஆயிரக்கணக்கான பொருள்கள் வந்து போன அரீனாவில், எப்போதோ உண்டான ஒரு தசம எண் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். தன் அளவு 24 பைட்டு. அது போனால் போவதும் அந்தப் பொருள்கணக்கில் 24 பைட்டுதான், அது யாரையும் பிடித்திருக்கவில்லை. ஆனால் அதனால் நிற்பது பத்து லட்சத்துச் சொச்சம் பைட்டு. எந்தக் கருவியும் அந்த மெகாபைட்டை அந்தத் தசம எண்ணின் பெயரில் எழுதாது. எழுதவும் நியாயமில்லை, அதைவிட நியாயமான வேறு பெயரும் இல்லை. பொருளை நகர்த்திவைத்தால் தீரும், ஜாவா அப்படித்தான் செய்கிறது. பைத்தானில் பொருளின் முகவரிதான் அதன் அடையாளம். சி நிரல்கள் அந்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நகர்த்த முடியாது.

இந்த நிலைமைக்குத் தொழிலில் இருப்பவர்கள் கண்டுபிடித்த தீர்வில் அளவையே கிடையாது. பைத்தான் வலை சேவகர்களை ஓட்டும் ஜியூனிகார்ன் மென்பொருளில் மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இத்தனை வேண்டுகோளுக்குப் பதில் சொன்னதும் அந்த வேலைக்கார புராசஸைக் கொன்றுவிட்டுப் புதியதை எழுப்பு. புராசஸ் செத்தால் இயங்குதளம் எதையும் விசாரிக்காமல் எல்லாப் பக்கத்தையும் வாரிக்கொள்ளும். யாருடையது, எதுவரை, எத்தனை பங்கு என்ற பேச்சே எழாது. இதைக் கையாலாகாத்தனம் என்று திட்டுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன், நானும் எல்லா இடத்திலும் போட்டுவைக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எல்லா வேலைக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்தவர்கள் என்பதால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எண்ணிக்கையை எட்டி, சேர்ந்தாற்போல் செத்துப்போவார்கள். சேவகன் சில நொடி வாயடைத்து நிற்கும். அதற்காகவே எண்ணிக்கையோடு ஏதோ ஒரு சில்லறையைக் குருட்டாம்போக்கில் கூட்டிக்கொள்ளும் ஜிட்டர் என்ற இன்னோர் அமைப்பையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.